நடுவில் நிற்கச் சொன்னார்கள்

நேற்று வேலை முடிந்து வந்தபோது கதவடியில் ஒரு காகிதப் பெட்டி இருந்தது. அச்சகத்திலிருந்து நேரே வந்திருக்கிறது. ஒட்டுநாடாவைக் கத்தியால் கீறியதும் மை வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. உமக்குப் பிடிக்காத வாசம் அது. துண்டுப் பிரசுரப் பெட்டியைத் திறக்கிற நேரமெல்லாம் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "உந்த மணம் வந்தா ஆரோ பொய் சொல்லப் போறாங்கள் எண்டு நினையும்" என்பீர். நான் மேலே கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பார்த்தால் என்னுடைய முகம். நட்டநடுவில், பல்லெல்லாம் தெரிய.

படம் சித்திரையில் இங்கே டோர்ட்மண்ட் சந்தைச் சதுக்கத்தில் எடுத்தது. கட்சிக் கிளையின் ஆட்கள் பதினொரு பேர் நிரையாக நின்றோம். நான் பழக்கத்தில் கரையில் போய் நின்றேன். கிளைத் தலைவர் ஹோல்கர் ஓடி வந்து, "நீ ஏன் அங்கே நிற்கிறாய்? நடுவில் வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் "ஒரு நகரம், பல முகங்கள்" என்று போட்டிருக்கிறார்கள். எத்தனை முகம் என்று எண்ணினேன். நான் ஒருத்தி. எமினே ஒருத்தி. மிச்சம் ஒன்பதையும் பார்த்தால் ஒரே வீட்டுச் சகோதரர்கள் என்று சொல்லலாம். எமினேயை உமக்குக் கொஞ்சம்தான் தெரியும். துருக்கிக் குடும்பத்துப் பிள்ளை, பாலர் பாடசாலையில் வேலை, நீர் ஆஸ்பத்திரிக்குப் போன மாதத்தில்தான் கூட்டத்துக்கு வரத் தொடங்கினாள்.

படத்தைப் பார்த்ததும் உம்முடைய சட்டம்தான் ஞாபகம் வந்தது. "இஞ்சேரும், நடுவில நிக்கச் சொன்னா தேர்தல் வருது. கரையில நிக்கச் சொன்னா தேர்தல் முடிஞ்சுது. உதுக்கு மேல அரசியல் படிக்கத் தேவையில்லை." இதைச் சொல்லிவிட்டு நீரே சிரிப்பீர். நீர் போய் ஒன்பது மாதமாகிறது. வயிற்று நோவு என்று போனவர், ஆறு கிழமையில் எல்லாம் முடிந்துவிட்டது. சிரிக்க ஆள் இல்லாமல் நான் பெட்டியைக் காலால் தள்ளிச் சப்பாத்து அலுமாரிக்குப் பக்கத்தில் விட்டேன்.

வருகிற வியாழக்கிழமை கிளைக்கூட்டம். நிர்வாகத் தெரிவு. துணைத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நாலு வருஷத்துக்கு முன் உம்மைக் கேட்ட அதே பதவி, நீர் ஒரே ஒரு வாக்கால் தோற்ற அதே பதவி. உம்மிடம் ஒன்றைச் சொல்லாமல் என்னால் அந்த மண்டபத்துக்குள் கால் வைக்க ஏலாது. நீர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டுக் கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து பழச்சாறு பருக்கினேனே தவிர வாய் திறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் கட்சியில் சேர்ந்தது ஒரு பெரிய கொள்கைக்காக அல்ல. ஒரு வகுப்பறைக்காக. பிள்ளைகளின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இருந்த பள்ளிக்கூட அறையைப் பூட்டிவிட்டார்கள். மாநகராட்சிக்கு மூன்று கடிதம் எழுதினோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. பெற்றோர் எல்லாரும் நடைபாதையில் நின்று ஆளையாள் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது நீர் என்னைத் தனியே கூப்பிட்டீர். "வெளியில நிண்டு தட்டித் தட்டிக் கை நோகுது. வாரும், உள்ளுக்குப் போய்ப் பாப்பம்." அடுத்த கிழமை உம்முடைய குசினி மேசையில் இருந்து இரண்டு பேரும் உறுப்பினர் படிவம் நிரப்பினோம். சேர்ந்து இரண்டு மாதம் ஆகவில்லை, கட்சியின் மாநகரசபை உறுப்பினர் ஒருவர் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். அறை திறந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். உமக்குச் சந்தோஷத்தை விடக் கோபம்தான் வந்தது. "ஒரு கோல் எடுத்தாத் திறக்கிற கதவெண்டா, இவ்வளவு நாளும் ஏன் பூட்டிக் கிடந்தது?" என்று அவரிடமே கேட்டுவிட்டீர். மனுஷன் கோப்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கட்சிக்குள் எல்லாரும் ஆளையாள் ஜெர்மன் மொழியில் "டு" என்றுதான் கூப்பிட வேண்டும். "நீ" மட்டும்தான், "நீங்கள்" கிடையாது. எழுபது வயது மனுஷரையும் நீ என்று சொல்ல எங்களுக்கு முதலில் நாக்கு எழும்பவில்லை. நான் பெயரையும் சொல்லாமல் நீயும் சொல்லாமல் வசனத்தைச் சுத்திச் சுத்திக் கதைத்தேன். நீர் ஒரு மாதத்தில் பழகிவிட்டீர். ஆனால் பழகின அன்றைக்கே வீட்டுக்கு வரும் வழியில், "நீ எண்டு கூப்பிட விட்டிட்டாங்கள். அதோட எல்லாம் தந்தாச்சு எண்டு நினைக்கிறாங்கள் போல" என்றீர். எனக்கு அப்போது எரிச்சல் வந்தது. எதிலும் நல்லதைப் பார்க்கத் தெரியாத பொம்பிளை என்று நினைத்தேன்.

நிர்வாகத்தில் எங்களுக்குக் கிடைத்தது பைசிட்சரின், நேரே சொன்னால் பக்கத்தில் இருப்பவள். தலைவர், துணைத் தலைவர், செயலாளர் என்று வேலையுள்ள ஆட்கள் இருக்க, வேலையில்லாமல் கூட இருக்கிற உறுப்பினர். முதலில் உமக்கு, பிறகு எனக்கு. கூட்டத்தில் இருக்கலாம், கதைக்கலாம், கை உயர்த்தலாம். கோடை விழா வந்தால் எங்கள் ஊர் மாதிரி ரோல்ஸ் சுற்றிப் பொரிக்கலாம். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே ஹோல்கர் கண்ணைச் சிமிட்டி, "உங்கள் ரோல்ஸ் இல்லாமல் விழா இல்லை" என்பார். மூன்று வருஷம் செய்தோம். நாலாம் வருஷம் நீர் ஒரு பெரிய கிண்ணத்தில் உருளைக்கிழங்கு சலாட் கொண்டுவந்து மேசையில் வைத்தீர். அங்கே ஏற்கனவே ஆறு கிண்ணம் அதே சலாட் இருந்தது. எல்லாருடைய முகமும் விழுந்த விழுகையைப் பார்த்து நான் பந்தலுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தேன். "நானும் டோர்ட்மண்ட்காரிதானே, இஞ்சத்தைச் சாப்பாட்டைத்தான் கொண்டந்தன்" என்று நீர் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னீர். அந்தச் சலாட்டில் களவாகப் பச்சை மிளகாய் வெட்டிப் போட்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கட்சிப் பத்திரிகை வந்தால் உமக்கு முதல் வேலை பேனாவை எடுப்பது. மாநிலத் தலைமையின் படம் இருக்கும். வெள்ளை இல்லாத முகம் எங்கே கண்டாலும் தலைக்கு மேல் ஒரு நீலப் புள்ளி. அநேகமாகப் புள்ளி ஒன்று, சில வேளை இரண்டு, அதுவும் பின்வரிசையில், யாருடையதாவது தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து. பிறகு அந்த ஆளின் பதவியை வாசிப்பீர். அவர் குடிவரவுக்குப் பொறுப்பு, இவர் ஒருங்கிணைப்புக்குப் பொறுப்பு. "ஏன், எங்கட ஆக்களுக்குத் தண்ணிக் குழாய் தெரியாதோ? றோட்டுத் தெரியாதோ? எங்களுக்கு எங்களைப் பற்றி மட்டும்தான் தெரியுமாம்." பத்திரிகையை என் பக்கம் தள்ளிவிடுவீர். நான், "கொஞ்சம் பொறும், வரும்தானே" என்பேன். நான் எப்போதும் பொறுக்கச் சொல்கிற ஆள். நீர் எப்போதும் சந்தேகப்படுகிற ஆள். ஊரே அப்படித்தான் எங்களைப் பிரித்து வைத்திருந்தது. அது எவ்வளவு பிழை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள் கூட்டம் முடிந்து மேலங்கி போடும்போது ஹோல்கர் என்னைத் தனியே கூப்பிட்டார். கிளையில் இரண்டு துணைத் தலைவர். ஒரு கதிரை அவருடைய பழைய நண்பருக்கு, அதில் மாற்றமில்லை. மற்றக் கதிரைக்கு இந்த முறை குடிபெயர்ந்த பின்னணி உள்ள ஒருவர் வந்தால் நல்லது என்று மேலிடம் நினைக்கிறதாம். "உங்கள் இருவரில் ஒருவர். நீங்கள்தான் சினேகிதிகள் ஆயிற்றே, உங்களுக்குள் பேசி முடிவெடுங்கள்" என்றார். உம்மிடமும் இதையேதான் சொன்னதாகச் சொன்னார்.

நான் உம்மிடம் கேட்கவில்லை. நீர் கதையைத் தொடங்குவீர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீரும் தொடங்கவில்லை. ஒரு கிழமை போனது. இரண்டு கிழமை போனது. பிள்ளைகளின் சோதனை, தோசை மா புளிக்காத குளிர், கணவர்மாரின் இடுப்பு நோவு எல்லாம் கதைத்தோம். இதை மட்டும் கதைக்கவில்லை. எங்கள் ஆட்களின் வழக்கம் உமக்குத் தெரியும்தானே. தனக்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது வெட்கம். மற்றவர் "நீர் எடும்" என்று சொல்ல வேண்டும், நாங்கள் "சீச்சீ, நீர் எடும்" என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் கை நீட்டலாம். நீர் அந்த முதல் "நீர் எடும்" சொல்லவில்லை என்று நான் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன். அதை நானும்தான் சொல்லவில்லை என்பது மூளையில் ஏறவே இல்லை.

பிறகு ஒரு நாள் டிராமுக்கு நிற்கும்போது எதிர்ப்பக்க வெதுப்பகத்தில் உம்மைக் கண்டேன். கண்ணாடிக்கு உள்ளே நீரும் ஹோல்கரும். அவர் கையை விரித்து ஏதோ சொன்னார். நீர் தலையை ஆட்டிச் சிரித்தீர். என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நிர்வாகத்தின் முன்மொழிவு எல்லாருக்கும் மின்னஞ்சலில் வந்தது. உம்முடைய பெயர் இருந்தது.

தொலைபேசி எடுத்தீர். "நான் கேக்கேல்லை. அவங்களாத்தான் போட்டவங்கள்" என்றீர்.

"மெய்யே?" என்றேன்.

"ஏன் உமக்கு ஒரு மாதிரிக் கிடக்கே?"

"சீச்சீ. எனக்கென்ன? நல்ல சந்தோசம்."

போனை வைத்த கையோடு சட்டி எல்லாவற்றையும் திரும்பக் கழுவினேன். கோதாரி, கழுவின சட்டியையே கழுவிக்கொண்டிருந்தேன். எல்லாரையும் சந்தேகப்படப் பழக்கினவர், எனக்குப் பின்னால் போய்க் கோப்பி குடித்துக் கதிரை வாங்கிவிட்டார் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. சந்தேகம் என்றுதான் அதற்குப் பெயர் வைத்தேன். பாதி பொறாமை. இன்றைக்குச் சொல்ல வெட்கமில்லை. உம்மை விட என்னில் என்ன குறை என்று ஒவ்வொரு நாளும் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டேன்.

கூட்டம் மாலை ஆறரைக்குத் தொடங்கியது. நீர் அந்தக் கத்தரிப்பூ நிறச் சேலை கட்டாமல் சாம்பல் கோட் போட்டுக்கொண்டு வந்தீர். "சேலை கட்டினா நாளைக்கு அதைத்தான் படம் எடுத்துப் போடுவாங்கள்" என்றீர். உம்முடைய பெயரை ஹோல்கர் முன்மொழிந்ததும் கைதட்டினார்கள். தட்டி முடியவில்லை, நடுவிலிருந்து ஒரு கை உயர்ந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். தானும் நிற்பதாகச் சொன்னார். தான் பிறப்பு, நிறம் ஒன்றும் பார்க்கிற ஆள் இல்லையாம். ஆனால் கட்சியில் தகுதி என்று ஒன்று இருக்கிறதாம். நீர் என் காதுக்குள் சொன்னீர்: "தகுதி எண்ட சொல்லு எங்களைக் கண்டாத்தான் இவையின்ர வாயில வரும். முந்தின பத்துப் பேருக்கு ஆர் கேட்டது?"

அது உண்மை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

இரகசிய வாக்கெடுப்பு. சின்ன மஞ்சள் தாள். விரும்பின பெயரை எழுதி மடித்துப் பெட்டிக்குள் போட வேண்டும். நீர் எழுதிவிட்டு மறைக்காமல் என்னிடம் காட்டினீர். "எனக்கு நானே போடுறன், வெக்கமாக் கிடக்கு" என்று சிரித்தீர். நான் இடது கையால் என்னுடைய தாளை மூடிக்கொண்டேன், சோதனை மண்டபத்தில் இருக்கிற பிள்ளை மாதிரி. நீர் எட்டிப் பார்க்கவில்லை. அப்பக்கம் திரும்பி யாரோடோ கதைத்தீர். நான் அந்த ஆசிரியையின் பெயரை எழுதினேன்.

அதுதான் நான் சொல்ல வந்தது. சொல்லிவிட்டேன்.

எங்கள் செயலாளர் கிளவுஸ்தான் எண்ணினார், கூட்டக் குறிப்பு எழுதுகிற அந்த மெலிந்த மனுஷன். இரண்டு தரம் எண்ணினார். ஆசிரியைக்கு இருபத்திரண்டு, உமக்கு இருபத்தொன்று. வாசித்ததும் உம்முடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழும்பிப் போய் அந்த ஆசிரியைக்குக் கை கொடுத்தீர். பத்து நிமிஷம் கழித்து பைசிட்சரினுக்கு உம்மை வழக்கம்போல முன்மொழிந்தார்கள். அதற்கு மண்டபம் முழுவதும் வாக்குப் போட்டது. "பாத்தீரே, பக்கத்தில இருக்கச் சொன்னா ஒருத்தருக்கும் மறுப்பில்லை" என்றீர்.

திரும்பி வரும்போது டிராமில் எங்கள் இரண்டு பேருக்கும் எதிரெதிர் இருக்கை. நீர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினீர். "இருபத்தொண்டு. என்னையும் உம்மையும் விட்டா பத்தொன்பது. ஆர் ஆர் எண்டு எனக்குத் தெரியும்." ஒவ்வொரு பெயராகச் சொன்னீர். யார் கண்ணைப் பார்த்தார், யார் பார்க்கவில்லை, ஹோல்கர் கை கொடுத்தபோது கை வேர்த்திருந்தது, கிளவுஸ் இரண்டாம் தரம் எண்ணும்போது உதட்டை நக்கினார். "எனக்குப் போடாமல் விட்டது உவன்தான். எண்ணினவன் உவன்தானே. இல்லாட்டி எண்ணேக்க ஒண்டைக் குறைச்சிருப்பான்." சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீர் என் முழங்காலில் தட்டி, "அந்த மண்டபத்தில உம்மைத் தவிர ஒருத்தரையும் நம்பேலாது" என்றீர். அடுத்த தரிப்பிடத்தில் நான் இறங்க வேண்டியிருந்தது. இறங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு நீர் கிளவுஸோடு முகம் கொடுத்துக் கதைத்ததே இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல். அவர் வணக்கம் சொன்னால் நீர் சுவரைப் பார்ப்பீர். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சொல் சொன்னால் அந்த மனுஷனுக்கு விடுதலை. சொல்லவில்லை. உம்முடைய இறுதிக் கிரியைக்குக் கட்சியிலிருந்து வந்த ஏழு பேரில் அவர் ஒருவர். தேவாரம் படிக்கும்போது ஒன்றும் விளங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு வெளியே மழைக்குள் என்னிடம் வந்து, "அவளுக்கு நான் என்ன செய்தேன் என்று கடைசிவரை எனக்குத் தெரியாமல் போயிற்று" என்று சொல்லி அழுதார். நான் குடையை அவர் பக்கம் சரித்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

இப்போது கேளும். போன கிழமை ஹோல்கர் நான் வேலை செய்கிற கண்ணாடிக் கடைக்கு வந்தார். மூக்குக் கண்ணாடி இறுக்கமாக இருக்கிறதாம், கொஞ்சம் தளர்த்த வேண்டுமாம். அந்தக் கண்ணாடியில் ஒரு இறுக்கமும் இல்லை. நான் சூடு காற்றில் அதன் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கதையை எடுத்தார். அந்த ஆசிரியை வயதாகிவிட்டது என்று விலகுகிறார். துணைத் தலைவர் கதிரை காலி. அவருடைய பழைய நண்பரும் இந்த முறை நிற்பாரோ தெரியாது. என்னை நிற்கச் சொன்னார். எனக்கு வேண்டாம் என்றேன். அப்போதுதான் சொன்னார்.

"உன் சினேகிதி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். அந்த முறை அவள் என்னை வெதுப்பகத்துக்குக் கூப்பிட்டதே உனக்காகத்தான். தன்னைப் போட வேண்டாம், உன்னைப் போடு என்றாள். நான்தான் மறுத்தேன். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை, பட்டம் என்று அவளுக்குக் காகிதத்தில் எழுத ஏதோ இருந்தது."

கையில் இருந்த கண்ணாடியின் கால் சூட்டில் வளைந்து போனது. புதிது ஒன்று போட்டுக் கொடுத்தேன்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. முதலில் அழுகை வந்தது. பிறகு சந்தேகம் வந்தது. இதை ஏன் இப்போது சொல்கிறார்? நாலு வருஷம் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? நீர் இருக்கும்போது சொல்லியிருந்தால் நான் உம்மிடம் ஓடி வந்து கேட்டிருப்பேன். இப்போது கேட்க ஆள் இல்லை என்று தெரிந்துதான் சொல்கிறாரா? என்னை நிற்க வைப்பதற்கு உம்முடைய பெயரை எடுத்துப் பாவிக்கிறாரா? அந்த வெதுப்பகக் கண்ணாடியைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நீர் தலையை ஆட்டிச் சிரித்தீர். ஆனால் நீர் கோபம் வந்தாலும் சிரிக்கிற ஆள்தானே. கிடைத்தது என்று சிரித்தீரா, என்னை வேண்டாம் என்றதற்குச் சிரித்தீரா? அவர் சொல்வது உண்மை என்றால் ஏன் என்னிடம் சொல்லவில்லை? "உம்மை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டான்" என்று சொன்னால் எனக்கு நோகும் என்று மறைத்தீரா? அப்படி மறைக்கக் கூடிய ஆள்தான் நீர். ஐயோ, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் இப்போதுதான் உறைத்தது. கதிரை இரண்டு இருந்தது. "இருவரில் ஒருவர்" என்று ஹோல்கர் சொன்னபோது ஏன் ஒருவர் என்று நான் கேட்கவில்லை. மற்றக் கதிரையில் பழைய நண்பர் இருப்பது சூரியன் கிழக்கே எழும்புவது போல எங்களுக்கும் சரியாகப் பட்டது. எங்கள் மாதிரி ஆட்களுக்கு ஒன்றுதான் வரும், அந்த ஒன்றும் எனக்கு வர வேண்டும். நான் யோசித்தது அவ்வளவுதான். மேலிடத்துப் படங்களுக்கெல்லாம் புள்ளி வைத்த நீர் கூட இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை வெதுப்பகத்தில் கேட்டிருப்பீர். அதுவும் எனக்குத் தெரியாது.

ஹோல்கர் போகும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். "எமினேயோடும் கதைத்திருக்கிறேன். உங்கள் இருவரில் ஒருவர். உங்களுக்குள் பேசி முடிவெடுங்கள்." அதே வசனம். ஒரு சொல் மாறவில்லை.

நேற்று பெட்டியைத் தள்ளிவிட்ட கையோடு எமினேக்குத் தொலைபேசி எடுத்தேன். இன்று பின்னேரம் அவளுடைய பாலர் பாடசாலை வாசலில் சந்தித்தோம். சின்னப் பிள்ளைகளின் மழைச் சப்பாத்துகள் கம்பியில் கவிழ்த்துக் கிடந்தன. வெட்கத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு நேரே கேட்டேன்.

"துணைத் தலைவர் பதவி. உனக்கு வேண்டுமா?"

அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். "உனக்கு?"

"வேண்டும்" என்றேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பொருளைக் காட்டி எனக்கு வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தரம்.

"எனக்கும் வேண்டும்" என்றாள்.

"அப்படியென்றால் இரண்டு பேரும் நிற்போம். கதிரை இரண்டு இருக்கிறது. அந்தப் பழைய நண்பர் வேண்டுமென்றால் எங்களோடு போட்டி போடட்டும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஹோல்கருக்கு நெஞ்சு வலிக்கும்" என்றாள். நான் உனக்குப் போடுகிறேன், நீ எனக்குப் போடு, உன்னுடைய ஆட்களிடம் நீ கதை, என்னுடைய ஆட்களிடம் நான் கதைக்கிறேன் என்று அங்கேயே நின்று பேசி முடித்தோம். எனக்கு நெஞ்சு லேசானது. லேசானபடியால்தானோ தெரியாது, உம்மிடம் சொல்லாததை அவளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னேன். மஞ்சள் தாள், இருபத்திரண்டு, இருபத்தொன்று, டிராம், கிளவுஸ், எல்லாம். நாளைக்குக் கிளவுஸ் வீட்டுக்குப் போய் அவரிடமும் சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன். போவேன். அதை உமக்கும் எழுதி வைக்கிறேன்.

எமினே கையில் இருந்த தேநீரைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு முகத்திலிருந்து போய்விட்டது. பிறகு கோபமில்லாமல், சாதாரணமாகக் கேட்டாள்:

"வியாழக்கிழமை நீ எனக்குத்தான் எழுதுவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

இரகசிய வாக்கு, தெரிய வழியில்லை என்றுதான் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். வருவாளா, நிற்பாளா, எனக்கு எழுதுவாளா, எனக்கும் தெரியாது.

வீடு வரும்வரை உம்மைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நீர் அந்த வாசலில் நின்றிருந்தால் ஒரு நிமிஷம் யோசித்திருக்கமாட்டீர். எமினேயின் கையைப் பிடித்து, "இவவை நம்பும் பிள்ளை, இவவுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லியிருப்பீர். ஒன்றும் தெரியாமல்தான் சொல்லியிருப்பீர்.